பிரிக்காத குடில்

எங்கள் அப்பா யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, குறையாகச் சொல்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியாது. அடுப்புப் பற்றவைக்கப் பக்கத்து வீட்டில் ஒரு நெருப்புத் துண்டு வாங்கினால்கூட அன்றைக்கு அம்மாவுக்குப் பேச்சு விழும். மழையில் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்திலிருந்து வருவார். கூட வருகிற வாத்தியார் குடையை நீட்டி, "வாங்க சார், உள்ள வாங்க" என்றால், "எனக்கு மழை ஒத்துக்கும் சார்" என்பார். மறுநாள் தும்மிக்கொண்டு கிடப்பார். திண்டுக்கல்லில் மழையே அபூர்வம் என்பதால்தான் இந்த ரோசத்தை அவரால் கட்டிக் காக்க முடிந்தது என்று அம்மா சொல்வாள்.

மாதா கோவில் பள்ளிக்கூடத்தில் அவர் மூன்றாம் வகுப்பு வாத்தியார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் வகுப்பைத் தாண்டி நாலாம் வகுப்புக்கு வந்திருந்தேன். ஆகவே அவரைவிட எனக்கு ஒரு வகுப்பு அதிகமாகத் தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஞானோபதேச வகுப்பில் வேறு முதல் பரிசு வாங்கியிருந்தேன். வேதத்தில் எங்கே சந்தேகம் வந்தாலும் ஊரார் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். யாரும் வராததால் நானே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வேலைதான். தகர டப்பா, கொட்டாங்கச்சி எது கிடைத்தாலும் மண்ணைப் போட்டுக் கேழ்வரகு விதைப்போம். பண்டிகைக்குள் அது நாலு விரல்கடை உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வளர்ந்துவிடும். குடிலுக்குப் புல்வெளி அதுதான். சேசு பாலன் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் அல்லவா, அதைப்போல வீட்டு மூலையில் ஒரு சின்னக் கூரை போட்டு, மாதா, சூசையப்பர், ஆடு, மாடு என்று பொம்மைகளை அடுக்குவோம். எங்கள் வீட்டில் இருந்தவை மூன்றே மூன்று பொம்மைகள். கை உடைந்த மாதா, ஒரு ராஜா, மூன்று கால் ஆடு. மற்ற இரண்டு ராஜாக்களும் வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று வருடாவருடம் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம், டிசம்பர் முதல் வாரத்துச் சனிக்கிழமை, அப்பா காலையிலேயே எங்கோ போய்விட்டார். அம்மா தூக்குவாளியில் நீராகாரத்தை ஊற்றி, இரண்டு வெங்காயத்தைக் கையில் கொடுத்து, "தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம்ம எடத்துல இருப்பாரு, குடுத்துட்டு வா" என்று அனுப்பினாள். நம்ம இடம் என்பது அம்மாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த துண்டு நிலம். வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டிக் கல்லும் ஆவாரஞ்செடியுமாகக் கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

போய்ப் பார்த்தால், அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையால் குழி தோண்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து அடிக்கோல் இடுப்பில் செருகியிருந்தது. நாலு மூலையிலும் முளைக்குச்சி அடித்து நூல் கட்டியிருந்தார். கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்து வைத்ததுபோல மூலைகள் அவ்வளவு சுத்தம். குழிதான் ஒரு சாணுக்குமேல் இறங்கவில்லை. அடியில் பாறை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடப்பாரையைப் பிடிக்கத் தெரியவில்லை என்பது பிறகு தெரிந்தது.

"என்னப்பா கட்டுறீங்க?"

அப்பா நிமிர்ந்தார். கையால் நெற்றியைத் துடைத்தார்.

"குடிலாப்பா? இம்புட்டுப் பெரிய குடிலா?"

அவர் என்னைப் பார்த்தார். கட்டியிருந்த நூலைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "ஆமா" என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் தூக்குவாளியை அவரிடம் கொடுக்காமலே திரும்பி ஓடிவிட்டேன். பாதி வழியில் ஞாபகம் வந்து மறுபடி போய்க் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யவேண்டி வந்திருந்தது. வீட்டுக்காரருடைய மகளும் மருமகனும் பிள்ளைகுட்டிகளோடு இலங்கையிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருகிறார்கள். பண்டிகைக்குள் அவர்களுக்கு இடம் வேண்டும். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. வேறு வீடு பார்க்க முன்பணம் வேண்டும், அதை யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்கிற ஆளா எங்கள் அப்பா? அம்மா இடுப்பில் ஆறு மாதத் தம்பி. மார்கழிப் பனி பட்டால் அவனுக்கு மூச்சு இழுக்கும். அதனால் இருபது நாளுக்குள் தன் கையாலேயே ஒரு கூரையைப் போட்டுவிடுவது என்று, வாழ்க்கையில் ஒரு முளைக்குச்சிகூட அடித்தறியாத அந்த மனிதர் முடிவு செய்திருந்தார். இவற்றில் எதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞானோபதேச வகுப்பில் எழுந்து நின்று, எங்கள் அப்பா ஊரிலேயே பெரிய குடில் கட்டுகிறார் என்று அறிவித்தேன். "எம்புட்டுப் பெரிசு?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்கப்பா நிமிந்து நிக்கலாம், கையத் தூக்கினாலும் இடிக்காது" என்றேன். பூசை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். போகிற வழியில் கடைக்காரரிடம் சொன்னேன். கோவில் குடிலே எங்கள் குடிலுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். பங்குச் சாமியார் அதைக் கேட்டுக்கொண்டே நடந்து போனார்.

நாலைந்து நாளில் அப்பா கூரை தாங்கும் கால்களை நட்டுவிட்டார். வேப்பங்கால்கள். நூல் பிடித்ததுபோல நேராக நின்றன. அன்றைக்கு மத்தியானம் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை, துணியைக் கொடியிலிருந்து தள்ளுகிற காற்று. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவும் நானும் போய்ப் பார்த்தபோது ஆறு கால்களும் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. அப்பா ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு கல்மேல் உட்கார்ந்து வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கொப்புளம் உடைந்திருந்தது. நான் அவருக்கு ஆறுதல் சொல்ல நினைத்து, நோவா பேழை கட்ட எவ்வளவு காலம் ஆயிற்று என்று எடுத்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோவிலுக்கு மட்டும் போடுகிற சட்டை அது. தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கப்பா போறீங்க?"

"குடிலுக்குப் பொம்மை கெடைக்குமான்னு பாத்துட்டு வாரேன்."

நான்தான் கேட்டிருந்தேன். அவ்வளவு பெரிய குடிலில் கை உடைந்த மாதாவையும் மூன்று கால் ஆட்டையும் வைத்தால் ஊர் சிரிக்கும். நல்ல பெரிய பொம்மைகளாக வேண்டும் என்று இரண்டு நாளாக அரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைத்துச் சற்று நேரம் கழித்து அப்பா வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் வெள்ளைச் சட்டை, மறுநாளும் வெறுங்கை. மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. படியேற விடாமல் வாசலிலேயே மறித்துக்கொண்டேன்.

"இம்புட்டுப் பெரிய ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி பொம்மைகூடவா கெடைக்கல? என்னப்பா நீங்க!"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கும் போய்ப் பாக்குறேம்மா" என்றார்.

ஆனால் அடுத்த நாள் காலையில் ஆடே வந்துவிட்டது. பொம்மை ஆடு இல்லை, உயிருள்ள வெள்ளாடு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை ராவுத்தர் மாமா நின்றார். தோல் பதனிடுகிற தோல் ஷாப்பில் மேஸ்திரி அவர். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் கிடந்து கிடந்து அவர் கை முழங்கை வரைக்கும் செங்காவி ஏறியிருக்கும். அப்பாவும் அவரும் வழியில் பார்த்தால் ஒரு சலாம், ஒரு வணக்கம், அதோடு சரி.

"வாத்தியாரே, உங்க குடில்ல ஆடு கட்டுவாங்களாமே. நம்ம ஆடு சும்மாதான் நிக்குது. பண்டிகை முடியுறவரைக்கும் கட்டிக்கங்க. ஒண்ணே ஒண்ணு, காலையிலயும் சாயங்காலமும் பால் கறந்துரணும். இல்லாட்டி மடி கட்டிக்கும்."

"கறந்த பாலை என்ன மாமா பண்ணுறது?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி குடிக்க மாட்டானா தாயி?"

குடிப்பான் என்று சொல்லி நான் அனுமதி கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் குடில் பார்க்க வந்தார்கள். குடில் பார்க்க வருகிறவர்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "கடப்பாரை எதுக்கு?" என்று கேட்டேன். "இந்தப் பக்கம் பாம்பு கெடக்கும்லத்தா" என்றார் ஒருவர். பாம்பு ஒன்றும் வரவில்லை. வந்ததற்குச் சும்மா நிற்பானேன் என்று ஆளுக்கொரு குழியைத் தோண்டினார்கள். அப்பா பாறை என்று விட்ட இடமெல்லாம் இடுப்பளவு இறங்கியது. மத்தியானத்துக்குள் ஆறு கால்களும் நின்று, குறுக்கே கூரைக்கான பனங்கைகள் ஏறிவிட்டன. அப்பா கடப்பாரையை எப்படிப் பிடிப்பது என்று ஒருவரிடம் கற்றுக்கொண்டிருந்தார். தப்பாகச் செய்தபோது அவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் அப்பாவைப் பார்த்து யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை, அதனால் நான் முறைத்தேன். அவரும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாமானாக வந்தது. எனக்கு அதுதான் பெரிய தொல்லையாகிவிட்டது. வேதத்தில் இல்லாத சாமான்களாக வந்தால் நான் எப்படி ஒத்துக்கொள்வது? பக்கத்து வீட்டு அத்தை தலையில் சும்மாடு வைத்து ஓர் அம்மிக்கல்லைச் சுமந்து வந்து இறக்கினாள். அம்மி வைத்த குடிலை யாராவது பார்த்திருக்கிறார்களா?

"ஏத்தா, மாதாவும் வீட்டுப் பொம்பளதான? பிள்ள பெத்த ஒடம்புக்கு வெஞ்சனம் வேணாமா? அரைக்கக் கல்லு வேணாமா?"

அம்மியை ஒரு மூலையில் வைக்கச் சொன்னேன். ராவுத்தர் மாமா தோல் ஷாப்பிலிருந்து ஊறிச் சக்கையான ஆவாரம்பட்டை ஒரு வண்டி கொண்டுவந்து தரையில் பரப்பினார். பூச்சி பொட்டு அண்டாதாம். வைக்கோல்தானே போட வேண்டும் என்றேன். "ஒங்க பாலன் பொறந்த ஊரு வறண்ட ஊருன்னு கேள்விப்பட்டேன். நம்ம ஊரு மாதிரி. வைக்கோலுக்கு எங்க போயிருப்பாக?" என்றார். எல்லாரையும்விட மோசம் எங்கள் வீட்டுக்காரர்தான். அவர் ஒரு கதவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய கதவு, நாதாங்கியோடு.

"குடிலுக்குக் கதவே கெடையாது" என்றேன். "எல்லாரும் வந்து பாக்கணும்னுதான் தொறந்து கெடக்கும். பெத்லகேம்ல கதவு இல்ல."

வீட்டுக்காரர் கதவைச் சுமந்தபடியே அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு இதற்கு விடை தெரியாது என்பது எனக்குத் தெரியும். ராவுத்தர் மாமாதான் வாய் திறந்தார்.

"தாயி, அந்தக் கெட்ட ராசா ஒருத்தன் புள்ளைகளத் தேடிக்கிட்டு ஆள் அனுப்பினானாமே?"

"ஏரோது."

"அவனேதான். அவன் ஆளுக வந்தா என்ன பண்ணுவ? அன்னைக்கே ஒரு கதவு இருந்திருந்தா அந்தப் புள்ள எதுக்கு ஊர விட்டு ஓடணும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் இருந்தது. கதவு போடச் சம்மதித்தேன்.

கூரையை மட்டும் தானே வேய்வது என்று அப்பா பிடிவாதமாக நின்றார். தென்னங்கீற்று வத்தலக்குண்டிலிருந்து வண்டியில் வந்தது. இரண்டு நாள் சாயங்காலம் ஏணிமேல் நின்று, கற்றாழை நாரால் முடிச்சுப் போட்டு, ஒரு பக்கம் முழுக்க வேய்ந்து முடித்தார். கீழேயிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டாம் வண்டிக் கீற்றோடு வந்த கீற்றுக்காரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன் சாமி, எந்த ஊர்ல கூரைய மேலயிருந்து கீழ மேயுறாக? கீழ் வரிசை மேல, மேல் வரிசை கீழ கெடக்கு. ஒரு தூத்தல் விழுந்தா அம்புட்டுத் தண்ணியும் வீட்டுக்குள்ளதான் நிக்கும்!"

கூரையைக் கீழிருந்து மேலே வேய வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின்மேல் படிந்தால்தான் தண்ணீர் வழிந்து ஓடும். இருபது வருடமாகக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் ஆரம்பித்துக் கீழ் ஓரத்தில் முடித்துப் பழகிய கை அப்பாவுடையது. கூரையையும் அவர் மூன்றாம் வகுப்புப் பாடம்போல எழுதிவிட்டார். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. நான் கேட்டது வேறு.

"வீடு இல்ல, குடில்" என்று அவளைத் திருத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏணியில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தபடி நின்றார். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"குடிலா? சரித்தா, குடிலுதான். எங்கண்ணுக்குத்தான் தெரியல" என்று சொல்லிவிட்டு, அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். இருட்டுவதற்குள் பழையதைப் பிரித்துப் புதிதாக வேயச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியைக் கட்டினாள். அவளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பண்டிகைக்கு ஆறு நாள் இருக்கும்போது நாங்கள் குடிலுக்குப் போனோம். பாலன் வருகிறவரை குடிலைக் காவல் காக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். காவல் காக்கப் போகிறவர்கள் சட்டிபானை, பாய், அரிவாள்மனை, தம்பியின் தூளி என்று எல்லாவற்றையுமா எடுத்துப் போவார்கள்? எனக்குத் தோன்றவில்லை. மேய்ப்பர்கள் காவல் காத்ததாக வேதத்தில் இருக்கிறது, அது எனக்குப் போதுமாக இருந்தது. குடிலுக்குள்ளேயே படுத்துத் தூங்குகிற ஒரே பிள்ளை நான்தான் என்று வகுப்பில் சொன்னபோது, அத்தனை பேர் முகத்திலும் பொறாமையைப் பார்த்தேன். சுற்றிலும் சோளத்தட்டைத் தட்டி, தரையில் பட்டைச் சக்கை, வெளியே ஆடு. நான் விதைத்த கேழ்வரகை ஆடு ஒரே காலையில் தின்று தீர்த்தது. கை உடைந்த மாதாவை ஒரு கால் ஓரத்தில் பலகை அடித்து வைத்தோம். பண்டிகையன்று பாதி ஊர் வந்து பார்த்தது. எல்லாரும் வாசலில் குனிந்து உள்ளே வந்து, பொம்மையை ஒரு நொடி பார்த்துவிட்டு, கூரையை, தட்டியை, அடுப்பை, தூளியில் கிடந்த தம்பியை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். பனி கொட்டிய அந்த மாதம் முழுக்க அவனுக்கு ஒருநாள்கூட மூச்சு இழுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல பிள்ளை என்று நான் பேர் வாங்கியிருப்பேன். ஆனால் ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. அன்றைக்குக் கோவில் குடிலைப் பிரித்துப் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். அதற்குமேல் குடில் இருக்கக்கூடாது என்று சாமியார் சொன்னதாக வகுப்பில் சிஸ்டர் சொன்னார்கள். வீட்டுக் குடில்களையும் இன்று பொழுது சாய்வதற்குள் பிரித்துவிடுங்கள் என்றார்கள். அப்பா கோவிலில் நாற்காலி எடுத்துவைக்க நின்றுவிட்டார். நான் குடிலுக்கு வந்தபோது அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். எங்கள் குடிலைப் பற்றி யாருக்குமே அக்கறை இல்லையே என்று வருத்தப்பட்டு, வேலையை நானே ஆரம்பித்தேன்.

முதலில் மாதாவையும் ராஜாவையும் ஆட்டையும் துணியில் சுற்றினேன். பிறகு சட்டிபானைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெயிலில் அடுக்கினேன். பாய், தலையணை, தூளித்துணி எல்லாம் வெளியே வந்தன. அடுத்தது கூரை. தாழ்ந்த கூரைதான், தண்ணீர் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஏறினால் ஓரம் கைக்கு எட்டியது. அரிவாளால் நாரை அறுத்து இழுத்தேன். கீழ் வரிசையை இழுத்தால் அதன்மேல் படிந்த வரிசையும் சேர்ந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு கீற்று வந்தவுடன், தம்பியின் தூளி தொங்கிய இடத்தில் பளிச்சென்று வெயில் விழுந்தது.

அப்போதுதான் ராவுத்தர் மாமா ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு வந்தார். தினமும் வருவார். என்னைப் பார்த்ததும் குழையைக் கீழே போட்டார்.

"தாயி, செத்த நேரம் எறங்கு."

"முடியாது மாமா. பொழுது சாயுறதுக்குள்ள பிரிக்கணும்."

அவர் அண்ணாந்து கூரையிலிருந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு திரும்பி வேகவேகமாக ரோட்டைப் பார்த்து நடந்தார். கொஞ்ச தூரத்தில் ஓடவே ஆரம்பித்துவிட்டார். அந்த வயதில் ஒரு மனிதர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோவிலைப் பார்த்து ஓடியதை ஊரே வேடிக்கை பார்த்திருக்கும்.

அம்மா இடுப்பில் குடமும் தோளில் தம்பியுமாக வந்தாள். சாமான் எல்லாம் வெளியே கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"யாரு வந்தா? யாரு எடுத்து வெளிய வச்சது?"

"நான்தாம்மா" என்றேன் டின்மேல் நின்றுகொண்டு. "குடிலைப் பிரிக்கிறேன்."

அம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு, சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். குடிலைப் பிரிப்பதற்கு இப்படியா அழுவார்கள், அடுத்த வருடம்தான் மறுபடி கட்டப் போகிறோமே என்று நினைத்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார். பின்னால் சைக்கிளில் சாமியார், அவருக்குப் பின்னால் இரைக்க இரைக்க ராவுத்தர் மாமா. அப்பா கூரையின் ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து என்னைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் சாமி" என்றேன். "நீங்கதான பிரிக்கச் சொன்னீங்க? இவங்க யாருமே பிரிக்கலை."

சாமியார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"மத்தக் குடில்களைத்தான் சொன்னேன். நீ ஞானோபதேசத்துல முதல் பரிசு வாங்கினவளாச்சே, உனக்குத் தெரியாதா? ராஜாக்கள் வந்துட்டுப் போனதும் பாலன் எங்க போனார்?"

"எகிப்துக்கு."

"திரும்பி வந்தாரா இல்லையா?"

"வந்தார்."

"வந்தா தங்க எடம் வேணாமா? அம்புட்டுத் தூரம் நடந்து வார பிள்ளைக்கு ஊர்ல ஒரு குடிலாவது பிரிக்காம இருக்கணும். இந்த வருசம் அது உங்க குடில்."

"எப்ப சாமி திரும்பி வருவார்?"

"அதுதான் வேதத்துல தேதி போடலையே" என்றார் சாமியார். ராவுத்தர் மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "போடல, போடல" என்றார், படித்துப் பார்த்தவர் மாதிரி.

தேதி போடவில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால் வாதாட முடியவில்லை. அன்று சாயங்காலமே நாலைந்து பேர் வந்து கூரையை அடைத்துக் கொடுத்தார்கள். நான் கீழே நின்று, கீழ் வரிசையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை முடிந்துவிட்டதால் ஆட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பா என்னை அனுப்பினார். ராவுத்தர் மாமா கயிற்றை வாங்கவில்லை. "குடிலப் பிரிச்சாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப பிரிச்ச பெறகு ஓட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். தம்பி அந்த ஆட்டுப் பாலில்தான் நடக்கப் பழகினான். அது இரண்டு தடவை குட்டி போட்டது. சோளத்தட்டை இருந்த இடத்தில் மண்சுவர் வந்தது, பிறகு ஓடு வந்தது. எந்த நாளில் குடில் வீடாயிற்று என்று எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் அறிவிக்கவில்லை.

கொஞ்சம் விவரம் தெரிந்தபோது நானாகவே புரிந்துகொண்டேன். அப்பாவின் ரோசம் ஊருக்குத் தெரியும், நேராகக் கொடுத்தால் வாங்கமாட்டார், அதனால் குடிலுக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்தேன். என் கணவரிடமும் பிள்ளைகளிடமும் இந்தக் கதையை அப்படித்தான் பல வருடம் சொல்லிவந்தேன்.

அப்பா போன மறுவருடம் அந்த வீட்டின் அடுப்படியில் உட்கார்ந்து பேத்தி பேரன்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா அதே அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"யாரு சொன்னா ஒனக்கு, ரோசத்துக்குப் பயந்து குடுத்தாகன்னு? காலெல்லாம் சாஞ்சு விழுந்துச்சே, அன்னைக்குச் சாயங்காலம் வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு எங்க போனாருன்னு நெனச்ச?"

"பொம்மை தேட."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. ராவுத்தர் வீட்டம்மா சொல்லித்தான் பெறகு எனக்குத் தெரியும். வீடு வீடாப் போயிருக்காரு. வாசல்ல நின்னு, 'எனக்கு வீடில்ல, பண்டிகைக்குள்ள ஒரு கூரை போடணும், எனக்கு ஒண்ணும் தெரியல, ஒத்தாசை பண்ணுங்க'ன்னு வாயத் தொறந்து கேட்டிருக்காரு. ராவுத்தர்ட்ட, பக்கத்து வீட்ல, வீட்டுக்காரர்ட்டயே, சாமியார்ட்ட. அம்புட்டுப் பேர்ட்டயும் கேட்டுட்டுக் கடைசில ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்காரு."

"என்னம்மா?"

"'எம்மக அதக் குடில்னு நெனச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டா. அவ முன்னால வீடுன்னு மட்டும் சொல்லிராதீங்க'ன்னு."

அம்மா மறுபடி அரைக்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளைகள் மேலே சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அந்த ஊரில் இன்று யார் வாசலில் போய் நின்று நன்றி சொல்வது? ராவுத்தர் மாமா இல்லை, அத்தை இல்லை, கீற்றுக்காரம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும், அவர்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் அன்றிலிருந்து என்னால் மறக்க முடியாமல் இருப்பது அந்த மூன்றாம் நாள் சாயங்காலம்தான். வாழ்க்கையில் கேட்டறியாததையெல்லாம் ஊர் வாசல்களில் நின்று கேட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டுக்கு வருகிறார். நான் படியேற விடாமல் மறித்துக்கொண்டு, ஏன் வெறுங்கையோடு வந்தீர்கள் என்று கேட்கிறேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கும் போய்ப் பார்க்கிறேன் அம்மா என்கிறார். மறுநாளும் போனார்.